அழகு என்று சொல்லாதவர்

அந்த அம்மையார் எந்தக் குழந்தையையும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறந்து பத்து நாள்கூட நிறையாத சிசுக்களைப் படம் பிடிப்பதே அவருடைய தொழில். கோவிலம்பாக்கத்தில் என் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து நான்கு ஆண்டுகள் அத்தொழிலை நடத்தினார். வாரத்துக்கு மூன்று, நான்கு குடும்பங்கள் புதுத்துணி வாசனையும் பால் வாசனையுமாக என் மாடிப்படியில் ஏறிப் போகும். பிள்ளை பெற்றவர்கள் எதிரே நிற்பவரிடம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லை அவர் கடைசிவரை சொல்லமாட்டார். குழந்தையைக் கையில் வாங்கி, மெத்தையில் கிடத்தி, சுற்றிய துணியை அவிழ்த்து, உச்சந்தலை முதல் கால் விரல் வரை பார்ப்பார். பத்து நிமிடமாவது பார்ப்பார். அதுவரையில் கேமரா தன் பையை விட்டு வெளியே வராது.

அவர் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. வயது முப்பத்தைந்து இருக்கலாம். பருத்திப் புடவை, வெட்டிய நகம், முழங்கைவரை மடித்த ரவிக்கைக் கை. மோதிரமும் வளையலும் அணியமாட்டார். குழந்தையின் தோலில் உராயும் என்பார். குளித்துவிட்டு வந்தாலும், மாடியில் நுழைந்தவுடன் மறுபடியும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார்.

மாடியைக் கேட்டு அவர் முதன்முதலாக வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று எதுவும் கேட்கவில்லை. வடக்குச் சன்னலருகே நின்று, கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தம் முன்கையில் விரித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பாக்கறீங்க?” என்றேன்.

“சுவர் மஞ்சளா இருக்கு சார். துணியில விழுது.”

“போன பொங்கலுக்கு அடிச்சதும்மா. சந்தன கலர்.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க எந்தக் குழந்தைய வெச்சாலும் மஞ்சளாத் தெரியும். நானே வெள்ளை அடிச்சுக்கட்டுமா?”

அவ்வாறே ஆள் வைத்து அடித்துக்கொண்டார். “சந்தனச் சுவத்த ஆஸ்பத்திரிச் சுவராக்கிட்டா” என்று என் மனைவி ஒரு வாரம் புலம்பினாள். கேமராவுக்கு எது வெள்ளை என்று தானாகத் தெரியாது, ஒவ்வொரு முறையும் நாம்தான் காட்டிக் கொடுக்கவேண்டும் என்று அவர் எனக்கு விளக்கினார். “மனுஷன் கண்ணும் அப்படித்தான் சார். மஞ்சள் வெளிச்சத்துல கொஞ்ச நேரம் நின்னாப் போதும், மஞ்சளே வெள்ளையாயிடும். நமக்குத் தெரியவே தெரியாது.” கல்யாண ஆல்பம் அச்சிடும் ஒரு கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நிறம் திருத்தும் வேலை பார்த்தவராம். மணப்பெண்களின் முகத்தில் ஏறிய மஞ்சளையும் சிவப்பையும் இறக்கி இறக்கியே அந்தக் கண் பழகியது என்று பிற்பாடு அறிந்தேன்.

நானும் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் லேத் ஓட்டி, முடிவில் அதே பட்டறையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பொறுப்புக்கு வந்து ஓய்வு பெற்றேன். மயிரிழை பிசகிய உருளையும் என் மேசையைத் தாண்டிப் போகாது என்று முதலாளி சொல்வார். அதை நான் நம்பியும் இருந்தேன்.

ஒரு மே மாதம் பள்ளிக்கரணையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. மாடியறைக்குள் அம்மையார் ஹீட்டர் போட்டிருக்கிறார். குழந்தையின் தாத்தா வேர்த்து வழிந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, “ஏம்மா, இது ஸ்டூடியோவா, இட்லி குண்டானா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு இட்லி குண்டான் அங்கிள். ஒம்போது நாள் முன்னாடி வரைக்கும் அவ இருந்த எடத்துக்கு இது ஊட்டி.”

“அப்ப நான் வெந்ததும் சொல்லுங்க, இறக்கி வெச்சிடலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை மட்டும் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பசி என்றார் ஒருவர். வயிற்று வலி என்றார் இன்னொருவர். அம்மையார் குழந்தையின் கால் துணியை விலக்கினார். கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர், இடக்காலின் மூன்றாம் விரலில் நின்றார். தாயின் தலைமுடி ஒன்று அவ்விரலில் இறுகச் சுற்றிக்கொண்டு, விரல் நுனி நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. சிறு கத்தரிக்கோலால் அந்த முடியை அவர் நறுக்கி எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அழுகை நின்றது. தகப்பனார் நிம்மதியோடு, “சூப்பர் மேடம். அப்ப ஆரம்பிச்சுடலாமா?” என்றார்.

“டாக்டர்கிட்ட விரலக் காமிச்சுட்டு இன்னொரு நாள் வாங்க.”

“டிரெஸ், கிரீடம் எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கோமே மேடம்.”

“கிரீடம் கெட்டுப் போகாதுண்ணா.”

வேறொரு நாள் இன்னொரு குடும்பத்துத் தகப்பனார் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் ஒரு சிசு தன் இரு கைகளிலும் மோவாயைத் தாங்கித் தவளைபோல் உட்கார்ந்திருந்தது. அப்படியே வேண்டும் என்றார். அது இரண்டு படங்களை ஒட்டிச் செய்தது, தலையைத் தாங்கிப் பிடித்த ஆளின் கையை அழித்துவிட்டிருக்கிறார்கள் என்று அம்மையார் சொன்னார். வந்தவர் கேட்பதாக இல்லை. “காசு குடுக்கறது நாங்க” என்றார்.

“ஆமாண்ணா. கழுத்து அவளோடது.”

அந்தக் குடும்பம் படம் எடுக்காமலே இறங்கிப் போய், இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ‘நல்ல வார்த்தை ஒன்றுகூட வாயில் வராது’ என்று எழுதிவிட்டது. அதை அம்மையாரே எனக்குப் படித்துக் காட்டி, “கரெக்டாத்தான் சார் எழுதியிருக்காங்க” என்றார்.

என் மனைவி கொடியவள் அல்லள். ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் மேலே போகும். அம்மையாருக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் அவளே. ஆயினும் அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. “அழகா இருக்குன்னு வாயால சொல்லிட்டா கண்ணு அதோட போயிடும். ஒண்ணுமே சொல்லாம உள்ள வெச்சுக்கிட்டுப் பாக்குது பாருங்க, அதுதான் பொல்லாத கண்ணு” என்பாள். குழந்தையைப் பறிகொடுத்தவர் என்று தெருவில் ஒரு கதையும் உலவியது. ஒருநாள் தயக்கத்தோடு நானே கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். எனக்குக் கல்யாணமே ஆகலை. பாத்துப் பாத்துப் பழகிடுச்சு, அவ்வளவுதான்” என்றார். இந்த மறுமொழியை நான் மனைவியிடம் சொன்னேன். அவள் திருப்தி அடையவில்லை.

இந்நிலையில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு மாடிப்படியில் உட்கார்ந்து அவளும் அம்மையாரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பிறந்து ஏழாம் நாள் படம் எடுப்பது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். சிசு வயிற்றில் சுருண்டிருந்த விதமாகவே சுருண்டு கிடப்பது முதல் பத்து, பன்னிரண்டு நாள் வரைதானாம். மருமகன் மஸ்கட்டில் வேலை பார்ப்பவர். பிரசவத்துக்கு விடுப்பில் வந்தாலும் ஒன்பதாம் நாள் திரும்பவேண்டும். பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவாசனம் ஆகாமல் படமா என்று மனைவி தடுத்தாள். மகள் அழுதாள். மனைவி இறங்கி வந்தாள்.

பேத்தி பிறந்தாள். மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, இரண்டு நாள் கழித்துக் குழந்தையைக் கொண்டுவந்து காட்டும்படி எழுதியே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தால் அவர்கள் வரச்சொன்ன நாள் அஷ்டமி.

“அஷ்டமில பச்சைக் குழந்தைய வெளிய எடுத்துக்கிட்டு சுத்தறதா? மறுநாள் நவமி. தசமில போலாங்க. ரெண்டு நாள்ல என்ன குடி முழுகிடப் போவுது?” என்றாள் மனைவி.

தசமி, படம் எடுக்கும் நாள். காலையில் படம், மாலையில் மருத்துவமனை என்று நான் ஏற்பாடு செய்தேன். ஒரே நாளில் இரண்டு வேலையும் முடிகிறதே என்று உள்ளூர மகிழவும் செய்தேன்.

அஷ்டமியன்று காலை அம்மையார் படியிறங்கி வந்தார். மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கு செக்கப்னு சொன்னாளே ஆன்ட்டி. போகலையா?”

“தசமிக்குப் போறோம். இவளுக்கு என்ன, சமத்து. அழறதே இல்ல. தூங்கிக்கிட்டே இருக்கா.”

“பாலுக்கு எழுந்திரிக்கறாளா?”

“நாமதான் எழுப்பணும். ரெண்டு வாய் குடிச்சுட்டு மறுபடி தூங்கிடுவா. போட்டோவுக்கு இப்பவே பழகறா போல.”

அம்மையார் சிரிக்கவில்லை. “கொஞ்சம் வாசப்பக்கம் கொண்டாங்க ஆன்ட்டி. வெளிச்சத்துல ஒரு தரம் பாக்கறேன்” என்றார்.

மனைவி முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். “அதான் போட்டோ அன்னிக்குப் பாக்கப்போறியே” என்று எழுந்து உள்ளே போனாள்.

அம்மையார் என்னைப் பார்த்தார். ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்பதே அந்தப் பார்வையின் பொருள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. “நாளன்னிக்கு உங்ககிட்டதானேம்மா வரப்போறா” என்று நான் சொன்னேன். அவர் திரும்பிப் படியேறினார்.

படம் எடுப்பதற்கு முன் என்னென்ன செய்யவேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது வழக்கம். எங்களுக்கும் கொடுத்திருந்தார். மை வேண்டாம். மஞ்சள் வேண்டாம். எண்ணெய் வேண்டாம். அரைஞாண் கயிற்றையும் வசம்பு வளையையும் ஒரு மணி நேரம் முன்னதாகத் தளர்த்தி வைக்கவும், தடம் விழும். வயிறு நிறையப் பாலூட்டி அழைத்து வரவும்.

தசமியன்று விடிந்ததும் மனைவி குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினாள். மற்ற நாளைவிட இரண்டு பங்கு கஸ்தூரி மஞ்சளைப் பயற்றமாவில் குழைத்துப் பூசினாள். நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று எட்டணா அகலத்துக்கு மைப் பொட்டு வைத்தாள். “அவ பாக்கறதுக்கு முன்னாடி நாம காபந்து பண்ணிக்கணும்” என்றாள். மகள் அந்தத் தாளை எடுத்து நீட்டி ஏதோ சொல்ல, “போடி, பெரிசா எழுதிக் குடுத்துட்டா” என்று அடக்கிவிட்டாள். குழந்தை அத்தனைக்கும் கண் திறக்கவில்லை. வெந்நீர் தலையில் விழுந்தபோதும் அழவில்லை. உடம்பை ஒருமுறை பின்புறமாக வில்போல் வளைத்தது. “பாருங்க, சோம்பல் முறிக்கறா” என்று மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் பார்த்தேன். பொன்போல் இருக்கிறாள் என்று சொன்னேன். சொன்னவன் நான்தான்.

ஒன்பதரை மணிக்கு மேலே போனோம். அறை கதகதப்பாக இருந்தது. மெத்தையின்மேல் பால் நிறத்தில் ஒரு விரிப்பு. பக்கத்தில் பஞ்சுத் தொப்பியும் சிறு கூடையும். எங்கோ மழை பெய்வது போன்ற ஓசையை ஒரு சிறு கருவி எழுப்பிக்கொண்டிருந்தது. அம்மையார் கை கழுவிவந்து குழந்தையை வாங்கினார். துணியை அவிழ்த்தார். வழக்கமான பத்து நிமிடம் அன்று தேவைப்படவில்லை.

வெந்நீரில் பஞ்சை நனைத்து நெற்றியிலிருந்த மையையும் மஞ்சளையும் துடைத்தார்.

“ஏய், அத ஏன் அழிக்கிற?” என்றாள் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. மார்பையும் வயிற்றையும் தொடையையும் துடைத்தார். பஞ்சு மஞ்சளாயிற்று, இன்னொரு பஞ்சை எடுத்துத் துடைத்தார், அது வெள்ளையாகவே வந்தது. சன்னல் திரையை முழுக்க விலக்கி, அந்த வெள்ளைத் துணியைக் குழந்தையின் தோளருகே விரித்தார். கட்டைவிரலால் மார்பில் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளிறவில்லை, மஞ்சளாகவே நின்றது. தொடையில் அழுத்தினார், உள்ளங்காலில் அழுத்தினார். பிறகு கண்ணிமையை மெல்லப் பிரித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெள்ளையாக இருக்கவேண்டிய இடம், பழுத்த எலுமிச்சையின் தோலாக இருந்தது.

“சார், போட்டோ இல்ல. வண்டிய எடுங்க.”

“மஞ்சள் பூசினது தெரியும்ல உனக்கு? அதான் ஒட்டிக்கிட்டிருக்கு” என்றாள் மனைவி.

“பூசினது பஞ்சுல வந்துடுச்சு ஆன்ட்டி. இது உள்ள இருக்கறது. சார், நிக்காதீங்க.”

வண்டியை மருமகன் ஓட்டினார். நான் முன்னிருக்கையில். பின்னால் மகளும் மனைவியும். நடுவில் குழந்தையை ஏந்திக்கொண்டு அம்மையார். இருநூறடிச் சாலையில் அலுவலக நேர நெரிசல். கீழ்க்கட்டளைச் சந்திப்பில் விளக்கு இரண்டு முறை பச்சையாகியும் எங்களால் கடக்க முடியவில்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. மருமகன் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். லாரிக்காரர் சன்னல் வழியே தலையை நீட்டி, “யோவ், மேல ஏறிப் போய்க்கினு இருக்கட்டுமா நானு?” என்றார். மருமகன் இறங்கி ஓடி, அவருக்குக் கைகூப்பி ஏதோ சொன்னார். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் லாரியை நடைபாதை மேலேயே ஏற்றி எங்களுக்கு வழி விட்டார்.

பின்னிருக்கையில் அம்மையார் குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டிக்கொண்டிருந்தார்.

“ஏன்டி கால்ல அடிக்கிற?” என்றாள் மனைவி.

“அழணும் ஆன்ட்டி. அழுதா நல்லது.”

பல்லாவரம் மேம்பாலத்தில் ஏறும்போது குழந்தை அழுதது. அது குழந்தையின் அழுகை போல இல்லை. கம்பியைக் கல்லில் இழுத்தாற்போல் மெலிந்து, உச்சத்தில் கிறீச்சிட்டது. மறுபடியும் உடம்பை வில்லாக வளைத்தது. இது சோம்பல் இல்லை என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மகள் என் தோளை இறுகப் பற்றிக்கொண்டு, “அப்பா, அப்பா” என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தாம்பரத்தில் மருத்துவமனை வாசலில் வண்டி நிற்குமுன் அம்மையார் இறங்கி ஓடினார். உள்ளே இரத்தம் எடுத்தார்கள். காமாலையின் அளவு வந்ததும் மருத்துவர் அம்மாள் தாளில் அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். காமாலைக் குழந்தைகளைக் கிடத்தும் நீல விளக்கு மட்டும் போதாது, குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்.

“கண்ணு மஞ்சளானத யாருமே பாக்கலையா?”

“கண்ணத் தொறக்கவே இல்ல டாக்டர்” என்றாள் மகள்.

“எத்தனை நாளா?”

மகள் என்னைப் பார்த்தாள். நான், “ரெண்டு, மூணு நாளா” என்றேன்.

“வரச் சொன்ன அன்னிக்கே கொண்டாந்திருந்தா வெறும் லைட்டோட போயிருக்கும்.” மருத்துவர் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இரத்தம் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நடைக்கூடத்தில் ஒரு நீண்ட இருக்கை இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த மனைவி திடீரென்று எழுந்து அம்மையாரின் எதிரே போய் நின்றாள்.

“நீ பாத்ததாலதான்டி. மாடியேறி வந்தப்ப நல்லாத்தானே இருந்தா? உன் கண்ணு பட்டுத்தான்டி இப்படி ஆச்சு.”

அந்த நடைக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மையார் எழுந்து நின்றார். “அன்னிக்கே நான் கேட்டு வாங்கிப் பாத்திருக்கணும் ஆன்ட்டி. விட்டுட்டேன்” என்றார்.

அன்று யார் கேட்டார், யார் மூடினார், யார் தட்டிக் கழித்தார் என்பது அங்கே மூவருக்குத் தெரியும். நான் எழுந்து, ‘தவறு என்னுடையது’ என்று சொல்லியிருக்கவேண்டும். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி பிழைத்தாள். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். மருமகன் விடுப்பை நீட்டிக்க முடிந்தமட்டும் நீட்டிவிட்டுப் புறப்பட்டுப் போனார். மூளையில் மஞ்சள் படிந்திருக்கலாம், முதலில் அடிபடுவது காதாக இருக்கும், மூன்றாம் மாதம் சோதிக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் நடந்தது ஒரே ஒரு வேலைதான். தட்டைப் போடுவது, கதவை அறைவது, மணியை ஆட்டுவது, குழந்தையின் முகத்தைப் பார்ப்பது. பக்கத்து வீட்டில் குக்கர் கூவினாலும் எல்லாரும் தொட்டிலை எட்டிப் பார்ப்போம்.

ஒருநாள் காலை மனைவி முற்றத்தில் குழந்தையைக் கிடத்திக் கை தட்டினாள். குழந்தை திரும்பியது. இன்னொரு முறை தட்டினாள், திரும்பியது. “என்னங்க, ஓடியாங்க. கேக்குதுங்க இவளுக்கு” என்று அவள் அழுதுகொண்டே கூவினாள். மகளும் நானும் ஓடினோம். மூவரும் மாறி மாறித் தட்டினோம். மாடிப்படியில் அம்மையார் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

“கை தட்டறப்போ உங்க நெழல் அவ மேல விழுது ஆன்ட்டி” என்றார். “பின்னாடி நின்னு தட்டிப் பாருங்க.”

மகள் பின்னால் போய் நின்று தட்டினாள். குழந்தை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலும் தட்டினாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். நான் அவள் கைகளைப் பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று.

மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. “அவ இந்த வூட்ல இருக்கணும்னா நான் இருக்கமாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். மகள் என்னிடம் சண்டையிட்டாள். “அவங்க இல்லன்னா இவ இல்லப்பா. உங்களுக்கே தெரியும்.” எனக்குத் தெரியும். “உங்கம்மாவ நெனச்சுப் பாரும்மா” என்றேன்.

நானே மாடியேறிப் போய்க் காலி செய்யச் சொன்னேன். காரணம் ஏதும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

“சரி சார். ரெண்டு குழந்தை புக் ஆயிருக்கு. அதுங்க நாள் தாண்டிடும். முடிச்சுட்டுப் போயிடறேன்” என்றார்.

பதினைந்தாம் நாள் அவருடைய சாமான்கள் ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏறின. கூடைகள், மெத்தை, ஹீட்டர், மூட்டை மூட்டையாக வெள்ளை விரிப்புகள். எல்லாம் ஏறியபின் சாவியைக் கொடுக்க என்னிடம் வந்தார். நான் வாசற்கதவருகே நின்றிருந்தேன். உள்ளே கூடத்துச் சன்னல் திறந்திருந்தது.

“சார், ஒண்ணு சொல்லணும்.”

எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளவேண்டியவன் என்ற எண்ணத்தோடு நின்றேன்.

“முழுசாப் போகலைன்னு நெனக்கறேன். வலது பக்கம் கொஞ்சம் கேக்குது. நீங்க வெளிய போறப்ப வாசக் கேட்டச் சாத்துவீங்க இல்ல, அவ வலது பக்கம் வாசலப் பாத்து இருந்தா கால் உதைக்கறத நிறுத்தறா. இடது பக்கம் இருந்தா நிறுத்தறதில்ல. முத்தத்துல அவளக் கெடத்தறப்பல்லாம் மேலேருந்து இந்த ரெண்டு வாரமாப் பாத்தேன். டெஸ்ட்ல சொல்லுவாங்க. ஆனா அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க. வலது பக்கமா உக்காந்து பேசுங்க. கிட்டக்கப் பேசுங்க. நெறையப் பேசுங்க.”

வண்டி கிளம்பிப் போயிற்று. அவர் ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கேமராப் பையை வைத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே குடிபோனார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மேடவாக்கம் பக்கம் என்றார்கள்; பிறகு ஊரையே விட்டுப் போய்விட்டார் என்றார்கள்.

நான் உள்ளே போனேன். பேத்தி கூடத்தில் பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலப்புறம் உட்கார்ந்தேன். குனிந்து காதருகே வாயைக் கொண்டுபோன பிறகுதான், இத்தனை நாளாக இந்தக் குழந்தையிடம் சத்தம் எழுப்பினோமே தவிர ஒருவரும் பேசவில்லை என்பது எனக்கு உறைத்தது. என்ன பேசுவதென்று தெரியவில்லை. இன்று காலை தண்ணீர் வரவில்லை என்று சொன்னேன். கறிவேப்பிலைச் செடியில் பூச்சி விழுந்திருக்கிறது என்று சொன்னேன். உன் அப்பா இரவு போன் செய்வார் என்று சொன்னேன்.

உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

நான் நிறுத்தினேன். கால்கள் மறுபடியும் உதைக்கத் தொடங்கின. நான் பேசினேன். நின்றன.

நிமிர்ந்தபோது மனைவி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல், குழந்தையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“இந்தப் பக்கந்தான சொன்னா அவ?”

ஆமாம் என்று சொல்லி, நான் எழுந்து இடம் விட்டேன்.